மாரி கால லைட்டுக்கு வரும் நீளக்கால் பூச்சி: செட்டை நரம்பையும் உணர்கொம்பையும் படிக்கும் முறை

தம்பி, நீங்கள் கேட்டது இது. தம்பலகாமத்தில் வயலோரம் வீடு. பெரும்போக விதைப்பு முடிந்து மழை பிடித்ததும் வாசல் லைட்டுக்கு நீளக்கால் பூச்சிகள் வருகின்றன. அவற்றில் மூன்று விதத்தைப் பிடித்துப் படம் எடுத்திருக்கிறீர்கள். முதலாவது மஞ்சளும் கறுப்புமாகப் பளபளக்கிறது. இரண்டாவது புள்ளிச் செட்டையோடு குச்சி போல ஒட்டிக்கிடக்கிறது. மூன்றாவது சின்னது, நீளமான வாயோடு நுளம்பு மாதிரி இருக்கிறது. போனில் உள்ள ஆப் மூன்றுக்குமே ‘டிப்பூலா பலுடோசா’ என்று பெயர் சொல்கிறது. செட்டையையும் உணர்கொம்பையும் வைத்துச் சரியான இனத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்கிறீர்கள்.

ஆப் சொன்ன பெயரை முதலில் தள்ளி வையுங்கள். டிப்பூலா பலுடோசா ஐரோப்பியப் பூச்சி. அங்கிருந்து வட அமெரிக்காவுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் வயலில் அதற்கு வேலை இல்லை. அந்த ஆப்களுக்குக் காட்டிப் பழக்கிய படங்களில் அந்த நாட்டுப் பூச்சிதான் ஏராளம், அதனால் நீளக்கால் தெரிந்தாலே அந்தப் பெயரைச் சொல்லிவிடுகின்றன. உங்களிடம் இருப்பவை மூன்றும் கிரேன் ஃப்ளை எனப்படும் நீளக்கால் பூச்சிகள்தான். ஆனால் ஒன்றுக்கொன்று தூரத்து உறவு, மூன்றும் ஒரே குடும்பத்தில்கூட அடங்காது. செட்டையும் உணர்கொம்பும் உங்களைக் குடும்பம் வரை நிச்சயமாகவும், பேரினம் வரை பெரும்பாலும் கொண்டுபோய்ச் சேர்க்கும். இனப்பெயர் வேண்டுமென்றால், சில விதிவிலக்குகள் தவிர, ஆண்பூச்சியின் வால்நுனி உறுப்புகளைப் பார்த்தே தீரவேண்டும். உலகில் இதுவரை பெயர் பெற்றவை 15,000 இனங்களுக்கும் மேல். இவ்வளவு பெரிய கூட்டத்தில் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைப்பவர் தவறாமல் பிழை விடுவார்.

முதலில், கையில் இருப்பது கிரேன் ஃப்ளைதானா என்று உறுதிசெய்யுங்கள். முதுகில், செட்டைகள் பொருந்தும் இடத்துக்கு நடுவே, ‘வி’ வடிவத்தில் ஒரு தையல் கோடு ஓடும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும், பக்கவாட்டில் டோர்ச் பிடித்தால் பள்ளம் நிழலாகத் தெரியும். நுளம்புக்கு இந்தக் கோடு இல்லை. நுளம்பின் செட்டை நரம்புகளிலும் விளிம்பிலும் செதில் இருக்கும், கிரேன் ஃப்ளையின் நரம்பில் மயிர்தான். லைட்டுக்குக் கூட்டமாக வரும் கடிக்காத சிறு பூச்சிகள் சிலவற்றின் ஆண்களுக்கு உணர்கொம்பு பஞ்சுத் தூரிகை போல இருக்கும். அவை கைரோனோமிட் வகை. அவை உட்காரும்போது முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பிடிக்கும், அதை வைத்தே ஒதுக்கிவிடலாம். நான்கு செட்டையோடு செடியில் தொங்குவது வேறு வரிசைப் பூச்சி. கிரேன் ஃப்ளைக்குச் செட்டை இரண்டுதான், பின்செட்டை இருக்கவேண்டிய இடத்தில் குமிழ் வைத்த காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இது இலையான், நுளம்பு எல்லாவற்றுக்கும் பொது.

இனி செட்டை. இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

செட்டையை மேசையில் விரித்து, அடிப்பகுதி உங்கள் இடக்கைப் பக்கமும் நுனி வலக்கைப் பக்கமும் வரும்படி வையுங்கள். மேல் விளிம்பு முழுக்கத் தடித்து ஓடுவது கொஸ்டா. அதற்கு அடுத்து, ஒட்டினாற்போல் ஓடி நடுவழியில் முடிந்துபோவது சப்கொஸ்டா. மூன்றாவது ரேடியஸ்; அதன் முதல் கிளையான ஆர்-1 மேல் விளிம்பை நோக்கிப் போகும் இடத்தில் பெரும்பாலும் ஒரு கருமைத் திட்டு இருக்கும், அதை ஸ்டிக்மா என்பார்கள். செட்டையின் நடுப்பகுதியில் ரேடியஸிலிருந்து ஒரு கிளை கீழே பிரிந்து நுனியை நோக்கிப் போய்க் கவையாகும். அந்தக் கிளையின் அடித்தண்டுதான் ரேடியல் செக்டர், சுருக்கமாக ஆர்எஸ். அதற்கும் கீழே மீடியா. மீடியாவின் கிளைகள் சேர்ந்து செட்டையின் வெளிப்பாதியில் நாலாபுறமும் நரம்பு சூழ்ந்த ஒரு சின்ன அறையை அடைக்கும். அது டிஸ்கல் அறை. செட்டையில் வழி தவறினால் அந்த அறையைத் தேடிப்பிடியுங்கள், அங்கிருந்து மற்றதெல்லாம் எண்ணலாம். மீடியாவுக்குக் கீழே கியூபிட்டஸ், அதற்கும் கீழே பின்விளிம்பை ஒட்டி இரண்டு ஏனல் நரம்புகள்.

முதல் கேள்வி அந்த ஏனல் நரம்புகளில். இரண்டும் பின்விளிம்பைத் தொடுகின்றனவா? தொட்டால் கிரேன் ஃப்ளை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் தொட்டால் நீங்கள் வேறு குடும்பத்தில் நிற்கிறீர்கள். இரண்டாவது ஏனல் நரம்பு முதலாவதைவிடக் குட்டை, செட்டையின் அடிப்பக்கமாக விளிம்புக்கு இறங்கும். செட்டையைப் பிடுங்கும்போது கிழிவதும் சரியாக அந்த இடம்தான். அதனால்தான் ‘ஒரு நரம்புதான் தெரிகிறது’ என்று பலர் குழம்புகிறார்கள். பூச்சியின் உடம்பில் மற்றச் செட்டை இருக்கும், அதைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி சப்கொஸ்டாவின் நுனியில். அது மேலே வளைந்து கொஸ்டாவைத் தொடுகிறதா, அல்லது கீழே சாய்ந்து ஆர்-1 இல் போய்ச் சேர்கிறதா? டிப்பூலிடே குடும்பத்தில் பொதுவாக அது ஆர்-1 இல் முடியும், மேலே போகவேண்டிய கிளை அழிந்திருக்கும். லிமோனியிடே குடும்பத்தில் கொஸ்டாவைத் தொடும் கிளை தெளிவாக இருக்கும். நுனியில் ஒரு குறுக்கு நரம்பும் வருவதால், எது முடிவு, எது குறுக்கு என்று முதலில் மயக்கம் வரும். செட்டைக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்துப் பார்த்தால் முடிச்சு அவிழும்.

குடும்பத்தைச் சொல்லச் செட்டைக்குத் துணையாக ஒரு வாய் அடையாளமும் உண்டு. வாயின் இருபுறமும் தொங்கும் உணரிகளின் கடைசிக் கண்டம் டிப்பூலிடேயில் சாட்டை போல நீண்டு, அதற்கு முந்தைய கண்டங்களைத் தோற்கடிக்கும். லிமோனியிடேயில் அது குட்டை. டிப்பூலிடேயில் பெரும்பாலானவற்றின் மூஞ்சி நுனியில் மயிர் வைத்த ஒரு சின்ன மூக்கும் துருத்தி நிற்கும், லிமோனியிடேயில் அந்த மூக்கு கிடையாது. சப்கொஸ்டாவும் இந்த உணரியும் ஒரே விடையைச் சொன்னால் குடும்பம் முடிந்தது. வேறு வேறு சொன்னால் எங்கோ தவறாகப் பார்த்திருக்கிறீர்கள், திரும்பப் பாருங்கள். பெடிசிடே, சிலிண்ட்ரோடொமிடே என்று இன்னும் இரண்டு குடும்பங்கள் உண்டு. அவை பெரும்பாலும் குளிர்நாட்டுக் கூட்டம். திருகோணமலைத் தாழ்நிலத்தில் பிடித்த பூச்சிக்கு அவற்றை முதல் யோசனையாக எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, லிமோனியிடே என்று தெரிந்தபின், ஆர்எஸ் கிளைகளை எண்ணுவது. ஆர்-1 ஐ விட்டுவிட்டு, ஆர்எஸ் தண்டிலிருந்து பிறந்து செட்டை விளிம்பைத் தொடும் கிளைகள் இரண்டா மூன்றா? லிமோனியினே துணைக்குடும்பத்தில் இரண்டுதான். அவற்றில் மீடியாவின் மேல்கிளையும் கவையாகாமல் ஒற்றையாகவே விளிம்புக்குப் போகும். லிம்னோஃபிலினே, கையோனியினே இரண்டிலும் பொதுவாக மூன்று. இந்த இரண்டையும் பிரிக்கக் காலைப் பார்க்க வேண்டும். தொடைக்கு அடுத்த நீளக் கண்டத்தின் நுனியில் முள் இருந்தால் லிம்னோஃபிலினே பக்கம், இல்லாவிட்டால் கையோனியினே பக்கம். இந்த முள் பக்கத்து மயிரைவிடச் சற்றுத் தடித்ததுதான், போன் லென்ஸுக்குப் பிடி கொடுக்காது, நுணுக்குக்காட்டி வேண்டும்.

நான்காவது, டிப்பூலிடே என்றால், டிஸ்கல் அறைக்கு வெளிப்புறம் மீடியாவின் மேல்கிளை கவையாகும் இடத்தைக் கவனியுங்கள். அந்தக் கவைக்குள் அடைபடும் அறைக்கு எம்-1 என்று பெயர். அந்த அறை டிஸ்கல் அறையிலிருந்து ஒரு காம்பு வைத்துத் தள்ளி நிற்கிறதா, அல்லது காம்பே இல்லாமல் அறையோடு அறை ஒட்டியிருக்கிறதா? டிப்பூலா பேரினத்தில் காம்பு தெளிவாக இருக்கும், ஆர்எஸ் தண்டும் நீளம். நெஃப்ரோடோமா பேரினத்தில் காம்பு இல்லை அல்லது மிகக் குட்டை, ஆர்எஸ் தண்டும் குட்டையாகச் சரிந்து கிடக்கும். இது சின்ன வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஒரு காம்பைப் பார்க்கப் பழகினால், லைட்டுக்கு வரும் பெரிய கிரேன் ஃப்ளைகளில் பாதிக் குழப்பம் தீரும்.

செட்டையின் நிறமும் புள்ளியும் இத்தனைக்கும் பிறகுதான். கூட்டுப்புழுவிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பூச்சியின் செட்டை வெளிறி, புள்ளி ஏறாமல் இருக்கும். நரம்போ அன்றைக்கே முழுமை.

நரம்புகளின் பெயரில் ஒரு பொறி உண்டு. ஒரே நரம்பை ஒருவர் மீடியாவின் நான்காம் கிளை என்பார், இன்னொருவர் கியூபிட்டஸின் முதல் கிளை என்பார். டிஸ்கல் அறையின் கீழ் மூலையிலிருந்து பின்விளிம்புக்கு இறங்கும் நரம்பில்தான் இந்தச் சண்டை. 1910 இலிருந்து 1981 இல் இறக்கும்வரை கிரேன் ஃப்ளைகளிலேயே வாழ்ந்து 10,000 இனங்களுக்கும் மேல் பெயரிட்ட அமெரிக்கர் சார்ள்ஸ் போல் அலெக்சாண்டரே தன் ஆரம்பக் கட்டுரைகளில் ஒரு பெயரையும் பிற்காலத்தில் மற்றதையும் எழுதியிருக்கிறார். இலங்கை இனங்கள் பலவற்றுக்கும் அவர் எழுதிய விவரணைதான் மூலம். ஆகவே அவர் எழுத்தைப் படிக்கும்போது, அந்தக் கட்டுரையில் உள்ள செட்டைப் படத்தை முதலில் பார்த்து, எந்த நரம்புக்கு எந்தப் பெயர் வைத்திருக்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு பிறகு வாசியுங்கள்.

உணர்கொம்புக்கு வருவோம். இதில் வேலை எண்ணுவதுதான். ஆனால் எண்ணுவதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். தலையோடு ஒட்டிய முதல் கண்டம் நீளமாக, உருளையாக இருக்கும். இரண்டாவது குட்டை, கிண்ணம் போல. மூன்றாவதிலிருந்து நுனி வரை வருவது சாட்டைப்பகுதி. ஓர் ஆய்வாளர் ‘14 கண்டம்’ என்று எழுதுவார், இன்னொருவர் ‘சாட்டைக் கண்டம் 12’ என்று எழுதுவார். இரண்டும் ஒன்றே, அடிக் கண்டம் இரண்டைச் சேர்த்தால் 14. இதைக் கவனிக்காமல் 12 என்ற எண்ணை வைத்துத் தேடினால் தவறான பேரினத்தில் போய் நிற்பீர்கள். நுனிக் கண்டம் சில பூச்சிகளில் குண்டூசி முனை அளவுக்குச் சிறுத்து, முந்தையதோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது விடுபட்டால் எண்ணிக்கை ஒன்று குறையும். இரண்டு கொம்பையும் எண்ணுங்கள். இரண்டிலும் ஒரே எண் வந்தால்தான் நம்புங்கள், வேறுபட்டால் பெரிய எண்ணை எடுங்கள், ஏனென்றால் மற்றது ஒடிந்திருக்கும்.

டிப்பூலிடேயில் வழக்கமான எண் 13. லிமோனியினேயில் 14. லிம்னோஃபிலினே, கையோனியினே இரண்டிலும் 16. இதற்கு மீறியவையும் உண்டு, அந்த மீறலே அடையாளமாகவும் ஆகும். உங்கள் ஆப் சொன்ன டிப்பூலா பலுடோசாவையே எடுங்கள். அதற்கு 14 கண்டம். அதன் இரட்டை போலவே இருக்கும் இன்னோர் ஐரோப்பிய இனமான டிப்பூலா ஒலெராசியாவுக்கு 13. பெண்ணில் இன்னொரு வேறுபாடு, பலுடோசாவின் செட்டை வயிற்றைவிடக் குட்டை, ஒலெராசியாவின் செட்டை வயிற்றைத் தாண்டும். அங்குள்ளவர்கள் புல்வெளியை அரிக்கும் இந்த இரண்டையும் ஒரே ஒரு கண்டத்தை எண்ணித்தான் பிரிக்கிறார்கள். எதிர்த்திசையில் ஹெக்ஸடோமா பேரினம் இருக்கிறது. லிம்னோஃபிலினேயில் சேர்ந்ததுதான், ஆனால் அதன் கண்டம் 16 வரை போகாது, 12 ஐக்கூடத் தாண்டாது. சில இனங்களின் ஆணுக்குக் கண்டம் குறைந்தாலும் கொம்பு உடம்பைப்போல் பல மடங்கு நீண்டு தொங்கும்.

எண்ணிக்கைக்கு அடுத்தது வடிவம். டிப்பூலாவின் சாட்டைக் கண்டம் ஒவ்வொன்றும் அடியில் சற்று வீங்கி, அந்த வீக்கத்தைச் சுற்றி நீள மயிர் வளையமாக நிற்கும். அந்த மயிர் கண்டத்தைவிட நீளமா குட்டையா என்பதை விவரணைகள் எப்போதும் சொல்லும், அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கண்டம் இருநிறமா என்றும் பாருங்கள். அடி கறுப்பு, மீதி மஞ்சள் என்று வளையம் வளையமாகத் தெரிந்தால் அதுவும் இனத்தை நெருங்கும் அடையாளம். நீளத்தை மில்லிமீற்றரில் மட்டும் எழுதாமல், பின்னால் மடித்தால் எதுவரை எட்டும் என்றும் எழுத வேண்டும்: செட்டை அடி வரையா, குமிழ்க் காம்பு வரையா, வயிற்றின் இரண்டாம் கண்டம் வரையா. பழைய விவரணைகள் எல்லாம் இப்படித்தான் பேசும்.

சீப்புக் கொம்பு கண்ணில் பட்டால் வேலை சுலபம். லிமோனியினேயில் ரிப்பிடியா பேரினத்து ஆணுக்குச் சாட்டைக் கண்டங்களிலிருந்து கிளைகள் நீட்டி நிற்கும், 14 கண்டமும் எண்ணலாம். டிப்பூலிடேயில் செலியோஃபொரா பேரினத்து ஆணுக்கும் சீப்புக் கொம்பு, ஆனால் அது பெரிய, தடித்த, குளவி போலத் தோன்றும் பூச்சி. இரண்டையும் அளவை வைத்தே பிரிக்கலாம். பெண்களில் இந்தக் கிளைகள் சிறுத்தோ, இல்லாமலோ இருக்கும். அதனால் எந்தப் பூச்சியிலும் கொம்பைப் பற்றி ஒரு சொல் எழுதுமுன் ஆணா பெண்ணா என்று எழுதுங்கள். வால்நுனி மழுங்கி, தடித்து, பெரும்பாலும் மேல்நோக்கியிருந்தால் ஆண். ஊசி போலக் கூர்ந்திருந்தால் பெண். அது முட்டையை ஈரமண்ணிலோ பாசியிலோ இறக்கும் கருவி. அந்தக் கூர்முனையைக் கண்டுதான் ‘கொட்டும்’ என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். கொட்டாது, கடிக்கவும் தெரியாது.

இப்போது உங்கள் மூன்று பூச்சிகள்.

மஞ்சள் கறுப்புப் பளபளப்புக்காரன். முதுகில் மஞ்சளின் மேல் மூன்று கறுப்புப் பட்டை, அரக்குப் பூசியது போன்ற மினுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். படத்தில் எம்-1 அறைக்குக் காம்பு தெரியவில்லை, ஆர்எஸ் குட்டை. நெஃப்ரோடோமா. கொம்பில் 13 கண்டம் எண்ணினீர்கள் என்றால் அதுவும் ஒத்துப்போகும். இனப்பெயரை இப்போது வைக்காதீர்கள். இந்தப் பேரினத்தில் பட்டைகளின் ஓரம் எப்படி வளைகிறது, தலையின் பின்புறத் திட்டு எந்த வடிவம் என்பவற்றோடு ஆணின் வால்நுனியும் வேண்டும். லைட்டுக்கு அடியில் மட்டும் தேடாமல், காலையில் கத்தரிப் பாத்தி, வாழையடி போன்ற ஈர நிழலிலும் பாருங்கள், ஆண் கிடைக்கும்.

புள்ளிச் செட்டைக் குச்சி. இதுதான் செட்டையை வைத்தே இனப்பெயர் வரை துணிந்து சொல்லக்கூடிய அந்த விதிவிலக்கு. கொனோசியா இர்ரோராட்டா. ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியா வழியாக அவுஸ்திரேலியா வரை பரந்த இனம், நெல்வயல் ஈரத்துக்குப் பழகியது. செட்டையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். புள்ளிகள் அறைகளுக்குள் சிதறவில்லை. நரம்பின் மேலேயே, நூலில் கோத்த மணி மாதிரி வரிசையாக ஏறியிருக்கின்றன. முன்விளிம்பில் அவை சற்றுப் பெரிதாகி இடைவெளி விட்டு நிற்கும். உட்காரும் விதமும் தனி. முன்கால்களை முன்னோக்கியும் பின்கால்களைப் பின்னோக்கியும் நீட்டி, உடம்பை நெற்தாளோடு அழுத்தி, செட்டையை மடித்துவிடும். வரம்பில் நடக்கும்போது காய்ந்த தாள் துண்டு என்று தாண்டிப் போய்விடுவோம். உணர்கொம்பு குட்டை, தலையை விட்டு அதிகம் நீளாது. லிமோனியிடே குடும்பம். ஒருமுறை இதன் புள்ளி வரிசையைப் படம் வரைந்து வைத்துக்கொண்டால், வாசல் சுவரில் நின்றாலும் பெயர் சொல்லிவிடலாம்.

நீள வாய்ச் சின்னது ஜெரனோமையா. நுளம்பென்று நினைத்து அடிபடுவது இதுதான், பாவம். வாய் நீண்டிருப்பது பூந்தேன் குடிக்க. நுளம்பின் வாயோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும், இதன் வாய் நுனியில் இரண்டாகப் பிரிந்து விரியும், குத்தாது. செட்டையில் ஆர்எஸ் கிளை இரண்டு, மீடியாவின் மேல்கிளை கவையில்லாமல், கொம்பில் 14 கண்டம்: எல்லாம் லிமோனியினே சொல்கிறபடி. ஈரப் பாறை, ஓடைக் கரை, பாசி படிந்த சுவர் இதன் இடம். நீள மூஞ்சி வைத்த வேறு பேரினங்களும் உண்டு. டோக்ஸோரைனாவில் நீள்வது வாயுறுப்பு அல்ல, தலையின் மூஞ்சியே குழாயாக இழுபட்டிருக்கும். ஹீலியஸில் மூஞ்சி நீண்டாலும் கொம்பில் 16 கண்டம். இந்த மூன்றையும் பிரிக்காமல் ‘நீள வாய்’ என்று மட்டும் குறித்தால் பயனில்லை.

பார்க்கும் முறையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் நீங்கள் அனுப்பிய படங்களில் பாதி மேலிருந்து எடுத்தவை, செட்டை நரம்பு மின்னி அழிந்துவிட்டது. உயிருள்ள பூச்சியை ஒளி ஊடுருவும் மருந்துப் போத்தலில் விட்டு, குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். உறைதட்டு வேண்டாம். போத்தலுக்குள் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் கட்டாயம். நம் கடலோர ஈரக்காற்றில் போத்தலை வெளியே எடுத்தவுடன் கண்ணாடியில் வியர்வை பிடிக்கும், டிஷ்யூ இல்லாவிட்டால் செட்டை அந்த நீரில் ஒட்டிச் சுருண்டுவிடும். பிறகு எவ்வளவு இழுத்தாலும் நேராகாது, கிழியும். வெளியே எடுத்துப் பூச்சியை ஒரு மில்லிமீற்றர் கட்டத்தாளில் கிடத்தி, போனின் மேல் கிளிப் லென்ஸைப் பொருத்தி எடுங்கள். நரம்புக்குத் தனிப் படம்: கண்ணாடித் துண்டின் மேல் செட்டை, கீழே வெள்ளைத் தாள், தாளுக்குக் கீழிருந்து டோர்ச் வெளிச்சம். மேலிருந்து வெளிச்சம் போட்டால் செட்டை வானவில் நிறம் காட்டும், நரம்பு தெரியாது. குறைந்தது ஐந்து படம் வேண்டும்: முழுச் செட்டை, முதுகுத் தையல், தலை பக்கவாட்டில் வாயுணரியோடு, உணர்கொம்பு முழுதாக, வால்நுனி பக்கவாட்டில்.

கால் உதிர்வதைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். அது உங்கள் தவறல்ல. பல்லியோ சிலந்தியோ பிடித்தால் காலைக் கழற்றிவிட்டுத் தப்புவது இதன் பிழைப்பு. ஆகவே விரலால் காலைப் பிடிக்காதீர்கள், செட்டைகள் இரண்டையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடியுங்கள். உதிர்ந்த கால்களைச் சிறு காகித உறையில் போட்டு அதே பூச்சியோடு வையுங்கள், முள் பார்க்க அவை வேண்டும்.

பாதுகாக்கும்போது இரண்டு வழி, இரண்டிலும் ஒரு நட்டம் உண்டு. 70 முதல் 80 சதவீத எதனோலில் போட்டால் உடம்பும் வால்நுனியும் மென்மையாக நிற்கும், மஞ்சள் நிறம் வெளிறும், பளபளப்பு போகும். முக்கோணமாக மடித்த காகித உறையில் உலர்த்தினால் நிறம் நிற்கும், ஆனால் ஒடியும். மாரி காலத்தில் பூஞ்சணமும் பிடிக்கும், எறும்பு ஓர் இரவிலேயே உடம்பைத் தின்று செட்டையை மட்டும் மிச்சம் வைக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு மூடுங்கள். முடிந்தால் ஒரே இனம் என்று நம்பும் பூச்சிகளில் ஒன்றை எதனோலிலும் ஒன்றை உறையிலும் வையுங்கள்.

செட்டையை நிரந்தரமாக வைக்க, ஒரு பக்கச் செட்டையை மட்டும், எல்லாப் பூச்சியிலும் ஒரே பக்கமாக, அடியோடு நுண்ணிடுக்கியால் பிடித்து எடுங்கள். கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி எதனோல் விட்டு அதில் மிதக்கவிட்டால் மடிப்புத் தானாக விரியும். துளி காய்ந்தபின் மேலே இன்னொரு கண்ணாடி வைத்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். உலர்ந்த செட்டையை நேரடியாக அமுக்கினால் முன்விளிம்பு உள்ளே மடிந்து, சப்கொஸ்டாவின் முடிவு மறைந்துபோகும். உங்கள் மூன்றாவது பூச்சியின் படத்தில் நடந்தது இதுதான். அலெக்சாண்டரும் செட்டைகளையும் உணர்கொம்புகளையும் இப்படிக் கண்ணாடியில் ஏற்றித்தான் வேலை செய்தார். அவருடைய தொகுப்பு இன்று வொஷிங்டனில் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

ஒரே செட்டையை வைத்து முடிவு கட்டாதீர்கள். நரம்பு பிசகிப் பிறக்கும் பூச்சிகள் கிரேன் ஃப்ளையில் சாதாரணம். ஒரு செட்டையில் டிஸ்கல் அறையின் ஒரு சுவர் இல்லாமல் திறந்திருக்கும், மற்றதில் மூடியிருக்கும். ஒரு குறுக்கு நரம்பு கூடுதலாக முளைத்திருக்கும். டொலிக்கோபீசா பேரினத்தின் சில இனங்களில் டிஸ்கல் அறை திறந்திருப்பது இயல்பு, ஆனால் அங்கே இரண்டு செட்டையிலும், அந்த இனத்தின் எல்லாப் பூச்சியிலும் திறந்திருக்கும். இரண்டு செட்டையும் ஒத்துப்போகாவிட்டால் அது பிசகு, புதிய இனம் அல்ல. ‘புது இனம் கிடைத்துவிட்டது’ என்ற சந்தோசம் பெரும்பாலும் இப்படியொரு கோணல் செட்டையில்தான் பிறக்கிறது.

இனப்பெயருக்கு ஆணின் வால்நுனியைத் தெளிவாக்கிப் பார்க்கும் வேலையைப் பாடசாலை ஆய்வுகூடத்தில், ஆசிரியர் கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வயிற்றின் கடைசிச் சில கண்டங்களை வெட்டி 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட்டில் ஓர் இரவு ஊறவிட்டால் சதை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சும். பிறகு தண்ணீரில் கழுவி, சில துளி அசற்றிக் அமிலம் கலந்த நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் காரத்தை நீக்கி, கிளிசரினில் போட்டுப் பார்க்கலாம். காரம் கண்ணில் பட்டால் பார்வை போகும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட வேண்டாம். சூடாக்கி அவசரப்படுத்தினால் சின்னப் பூச்சியின் உறுப்பு கரைந்து வெளிறிப் போகும்.

பிடிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். உங்கள் வயலும் வளவும் பிரச்சினை இல்லை. சேருவில-அல்லை போன்ற சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியும் எடுக்கக் கூடாது. படம் எடுத்தால் போதும்.

கடைசியாக, உங்கள் உறைகளில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று, துண்டுச்சீட்டு. ‘டிப்பூலா’ என்று பெயர் மட்டும் இருக்கிறது. பெயரைப் பிறகு யாரும் திருத்தலாம், இடமும் நாளும் தொலைந்தால் யாராலும் மீட்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எதனோலில் கரைந்துவிடும். எழுதவேண்டியது இவ்வளவு: திருகோணமலை மாவட்டம், தம்பலகாமம், வயலோர வீட்டு முற்றம்; போனில் வரும் அகலாங்கு நெட்டாங்கு; திகதி, நேரம்; வாசல் லைட்டுக்கு வந்தது அல்லது வரம்பில் வலையால் பிடித்தது; மழையா இல்லையா; ஆண் அல்லது பெண்; பிடித்தவர் பெயர். சீட்டைப் போத்தலுக்கு வெளியே ஒட்டாமல் பூச்சியோடு உள்ளே போடுங்கள். அடுத்த முறை அனுப்பும்போது நெஃப்ரோடோமாவின் ஆண் ஒன்றை எதனோலில் வைத்து, மூன்றாவது பூச்சியின் மற்றச் செட்டையை விரித்து எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.